ஒரே புளோக்கில் வாழ்வதற்கு யார் விலை கொடுப்பது?

சிங்கப்பூரில் கையில் பணமும் வங்கிக் கடனும் இருந்தால் மட்டும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டும் வீடு ஒன்றை வாங்கிவிட முடியாது. வாங்குபவர் சீனரா, மலாய்க்காரரா, இந்தியரா, மற்றவரா என்பதையும் வீவக பார்க்கும். அந்த வீடு இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்திலோ (புளோக்) அந்த வட்டாரத்திலோ உங்கள் இனத்தவருக்கென்று வைக்கப்பட்டிருக்கும் வரம்பு நிரம்பியிருந்தால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் எவ்வளவுதான் மனம் ஒத்துப்போனாலும் விற்பனை நடக்காது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மறுக்கிறார்கள். நம்பிய பிறகு, "அப்படியென்றால் அரசாங்கமே இனம் பார்த்துத்தானே வீடு கொடுக்கிறது, இது சரியா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த விதிக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை என்று பெயர். 1989 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இன்றைய கணக்குப்படி ஒரு புளோக்கில் சீனக் குடும்பங்கள் 87 விழுக்காட்டுக்கும், மலாய்க் குடும்பங்கள் 25 விழுக்காட்டுக்கும், இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15 விழுக்காட்டுக்கும் மேல் போகக் கூடாது. வட்டாரம் முழுவதற்குமான வரம்பு முறையே 84, 22, 12. நாட்டின் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வீவக வீடுகளில் வாழ்வதால், யாருக்கு யார் அண்டை வீட்டார் என்பதை நாடு முழுவதும் தீர்மானிக்கும் விதியாக இது இருக்கிறது. எனக்கு இந்தக் கொள்கை வேண்டும். இது இல்லாத சிங்கப்பூரில் என் பிள்ளைகள் வளர்வதை நான் விரும்ப மாட்டேன். ஆனால் இதன் நன்மையை எல்லா இனத்தவரும் அனுபவிக்கும்போது, இதற்கான செலவைப் பெரும்பாலும் சிறுபான்மையினரே சுமக்கிறோம் என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

கொள்கை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் சென்றுகொண்டிருந்தபோது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மீண்டும் வெடித்தபோது மேலும் 13 பேர் இறந்தார்கள். 1969இல் கோலாலம்பூரில் நடந்த மே 13 கலவரத்தின் தீப்பொறி இங்கும் விழுந்து நான்கு உயிர்களைக் குடித்தது. அந்தக் காலத்துச் சிங்கப்பூர், கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளின் ஊர். கேலாங் சிராய் மலாய்க்காரர்களின் இடம், சைனாடவுன் சீனர்களின் இடம், சிராங்கூன் சாலையும் செம்பவாங் கடற்படைத் தளமும் நம்மவர்கள் நிறைந்த இடங்கள். கலந்து வாழ்ந்த கம்பங்களும் இருந்தன. ஆனால் கலவரத்துக்குப் பிறகு அங்கே இருந்த சிறுபான்மைக் குடும்பங்கள் பல, பயத்தில் மூட்டை கட்டிக்கொண்டு தத்தம் இனத்தவர் வாழும் பகுதிகளுக்குப் போய்விட்டன. வன்முறை ஓய்ந்த பிறகும் அது பிரித்துவைத்த இடைவெளி ஓயவில்லை என்பதைப் பழைய தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள்.

கம்பங்களை அகற்றி அடுக்குமாடிகளைக் கட்டியபோது அரசு மக்களைக் கலந்துதான் குடியேற்றியது. ஆனால் வீடுகளை வாங்கவும் விற்கவும் அனுமதி கிடைத்ததும், மக்கள் மெல்ல மெல்லத் தத்தம் கூட்டத்தைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். 1980களின் இறுதியில் பிடோக்கிலும் தெம்பனிஸிலும் மலாய்க்காரர்கள் திரண்டார்கள், ஹவ்காங்கில் சீனர்கள் திரண்டார்கள், ஈசூனில் இந்தியர்கள் திரண்டார்கள். ஈசூனில் ஏன் என்பது எனக்குத் தெரிந்த கதை. என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ்காரர்கள் 1971இல் வெளியேறிய பின் தளத்தைச் சுற்றி வாழ்ந்த தமிழ், மலையாளக் குடும்பங்களுக்குப் பக்கத்தில் எழுந்த புதிய பேட்டைகள்தான் இயல்பான போக்கிடம். அண்ணன் தம்பி வீட்டுக்கு அருகிலும், கோயிலுக்கு அருகிலும், பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும் இடத்திலும் வீடு தேடியவர்கள் அவர்கள். பிரிந்து வாழ வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. அதுதான் இதில் முக்கியமானது: எவர் மீதும் எவருக்கும் பகை இல்லாமலே, ஒவ்வொரு குடும்பமும் தனக்குச் சௌகரியமானதைச் செய்ததாலேயே, ஒரு நகரம் இனவாரியாகப் பிரிந்துவிடும். அன்று தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன் இந்தப் போக்கைச் சுட்டிக்காட்டித்தான் வரம்பைக் கொண்டுவந்தார். அவரும் ஒரு தமிழர் என்பதை இந்த இடத்தில் குறிப்பிட விரும்புகிறேன். சிறுபான்மையினரை அடக்குவதற்காக வந்த விதி என்று இதைச் சுருக்கிவிட முடியாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதில் பழக்கமான ஒரு சாயல் தெரியக்கூடும். ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கும் நிலத்தில், 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்கள் ஒவ்வொன்றிலும் நூறு வீடுகளைக் கட்டி, 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று கலந்து கொடுத்தார்கள். அங்கே புதிதாக ஒரு குடியிருப்பைக் கட்டிக் கலந்தார்கள். இங்கே நாட்டின் பெரும்பான்மை வீடுகளையும் தொடர்ந்து கலந்தபடியே வைத்திருக்கிறார்கள். கலந்து வாழும் வாழ்க்கை தானாக வராது, ஒருமுறை வந்தாலும் தானாக நிற்காது என்ற புரிதல் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அந்தப் புரிதல் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

அப்படிக் கலந்து வாழ்ந்ததில் கிடைத்தது என்ன? விழா நாளில் பலகாரம் மாற்றிக்கொள்வதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் தளத்தில் மூன்று வீடு தள்ளி இருக்கும் சீன மூதாட்டி, சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் மட்டுமே சாப்பிடுவார் என்பது என் அம்மாவுக்கு மனப்பாடம். அந்த நாள்களில் வீட்டில் இட்லி அவித்தால் அவருக்கும் ஒரு தட்டு போகும். எதிர்வீட்டு மாக்சிக்குக்கு, அதாவது மலாய்ப் பெரியம்மாவுக்கு, கொடுக்கும் முறுக்கை எங்கள் பாத்திரத்தில் வைக்காமல் புதிய பொட்டலத்தில் கட்டிக் கொடுப்போம், அதுவும் ஹலால் முத்திரை உள்ள எண்ணெயில் பொரித்ததாக இருக்கும். நோன்புப் பெருநாளன்று அவர் கொண்டுவரும் கெத்துப்பாட் என்னும் அரிசிக் கட்டிக்குத் தொட்டுக்கொள்ள மாட்டிறைச்சி ரெண்டாங் குழம்பைத் தவிர்த்துக் கோழிக் குழம்பு வைத்திருப்பார். யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. பல ஆண்டுகள் ஒரே தாழ்வாரத்தில் வாழ்ந்ததில், மற்றவருக்கு எது ஆகும், எது ஆகாது என்பது தெரிந்துவிட்டது.

ஆனால் இதைவிட ஆழமான ஒரு நன்மையை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பார்த்தேன். பெரும்பாலான வீவக அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் வீடுகள் இருக்காது. தூண்களுக்கு இடையே திறந்த வெளியாக விட்டிருப்பார்கள். மலாய்த் திருமணமும் சீனர்களின் துக்க நிகழ்வும் அங்கேதான் நடக்கும். நகர மன்றத்திடம் அனுமதி வாங்கினால் போதும். ஒரு சனிக்கிழமை, ஒரு கோடியில் வெள்ளைத் துணி கட்டி ஒரு சீனப் பெரியவரின் உடலை வைத்திருந்தார்கள். அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மலாய்த் திருமணத்துக்குப் பந்தலும் பிரியாணிச் சட்டிகளும் தயாராகிக்கொண்டிருந்தன. மறுநாள் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தபோது, கொம்பாங் என்னும் கைமேளம் அடித்துக்கொண்டு வந்த இளைஞர்கள் எங்கள் புளோக்கின் முனை வந்ததும் கையை நிறுத்தினார்கள். மணமகன் உட்பட எல்லோரும் துக்க வீட்டைப் பேசாமல் நடந்து கடந்தார்கள். அந்தப் பக்கத்துத் தூணைத் தாண்டிய பிறகே மேளம் மீண்டும் எழுந்தது. துக்க வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்து வழியில் கிடந்த நாற்காலிகளை இழுத்து ஓரம் போட்டார். காவலரோ நகர மன்ற அதிகாரியோ அங்கே இல்லை. இறந்தவர் அந்த இளைஞர்களுக்கு அறியாதவர் இல்லை, சின்ன வயதில் அவர் காப்பிக் கடையில் ஐஸ் மைலோ வாங்கிக் குடித்தவர்கள்தான் அவர்கள் என்பது பின்னர் தெரிந்தது.

கலவரம் என்பது முதலில் ஒரு வதந்தியாகத்தான் புறப்படுகிறது. 1964இல் யார் முதலில் அடித்தார் என்பதற்கு இன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு; அன்று ஒவ்வோர் இனத்தவரும் தம் பகுதியில் தம்மவரிடமிருந்து தம் கதையை மட்டுமே கேட்டார்கள், மறுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. கலந்து வாழும் புளோக்கில் ஒரு வதந்தி அவ்வளவு எளிதாக ஓடாது. "மலாய்க்காரர்கள் இப்படிச் செய்கிறார்களாம்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிடலாம். தட்டாவிட்டாலும் அந்தச் செய்தி சொல்லும் 'மலாய்க்காரர்கள்' என்ற கூட்டத்துக்குள் எதிர்வீட்டு மாக்சிக்கின் முகம் வந்து நின்று நம்மைத் தயங்க வைக்கும். பன்மைத்துவத்தால் வரும் பலன்களில் இதையே பெரியதாக நான் மதிக்கிறேன். இது பெரும்பாலும் நடக்காமல் போகும் ஒன்று என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த விழா மேடையிலும் பேசப்படுவதுமில்லை.

பக்கத்தில் வைத்துவிட்டால் மட்டும் உரசல் இல்லாமல் போய்விடாது. பக்கத்தில் இருப்பதால்தான் பல உரசல்கள் வருகின்றன. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனர்கள் முன்னோருக்கு எரிக்கும் காகிதத்தின் சாம்பல் மூங்கில் கழியில் காயும் என் துணிமீது வந்து விழும். எங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகை அடுத்த வீட்டு ஆஸ்துமாக்காரருக்கு ஒத்துக்கொள்ளாது. 2011இல் நாடே பேசிய கறி விவகாரத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியச் சிங்கப்பூரர்கள் சமைக்கும் கறியின் வாசம் தாங்கவில்லை என்று சமூக சமரச நிலையத்துக்குப் போனது. அந்தச் சீனக் குடும்பம் வீட்டில் இல்லாதபோது மட்டும் இந்தியக் குடும்பம் கறி சமைப்பது, பதிலுக்கு அவர்கள் ஒருமுறையாவது கறியைச் சுவைத்துப் பார்ப்பது என்று உடன்பாடு ஆனது. நடந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு. செய்தி வெளிவந்தது 2011இல். அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டு அடுப்பை எப்போது பற்றவைக்கலாம் என்பதற்கு அண்டை வீட்டாரின் நடமாட்டத்தைப் பார்க்க வேண்டிய நிலை ஒரு குடும்பத்துக்கு வந்திருக்கிறது. விட்டுக்கொடுத்தது யார் என்று பார்த்தால், எண்ணிக்கையில் குறைந்தவர்.

அடுத்து நடந்ததுதான் என்னை ஆற்றியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று எல்லோரும் தத்தம் வீட்டில் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் விடுக்கப்பட்ட அழைப்புக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவு தெரிவித்தார்கள். அவர்களில் மிகப் பலர் சீனர்கள். கறி எங்களுடையதும்தான் என்று அவர்கள் சொன்னார்கள், உண்மையாகவே சொன்னார்கள். மீன்தலைக் கறியை உணவங்காடியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள். அந்தக் கோபத்தில் சீனாவிலிருந்து புதிதாக வந்தவர்கள் மீதான வெறுப்பும் ஓரளவு கலந்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இன எல்லை மங்கிய அதே இடத்தில், முன்பே இருந்தவர், புதிதாக வந்தவர் என்ற வேறோர் எல்லை அழுத்தமாகத் தெரிந்தது. இந்தியர்களுக்குள்ளும் அதே கோடு ஓடுகிறது. தனியார் கூட்டுரிமைக் குடியிருப்பில் வாழும் புதிய வரவான வட இந்திய வங்கி அதிகாரியும், மூன்று தலைமுறையாக ஈசூனில் வாழும் துறைமுகத் தொழிலாளியின் பேரனும், பஞ்சாபியும், இலங்கைத் தமிழரும் அரசின் படிவத்தில் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள். நேரில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வதே அரிது.

இனி விலைக்கு வருகிறேன். வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரே இனத்தவருக்குள் வீடு கைமாறினால் விகிதம் மாறாது என்பதால் அதற்கு எப்போதும் அனுமதி உண்டு. ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வீடு வைத்திருக்கும் சீனர், சீனருக்கும் விற்கலாம், மற்றவருக்கும் விற்கலாம். அதே புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் 74.3 விழுக்காட்டினர் சீனர், 13.5 விழுக்காட்டினர் மலாய்க்காரர். 9 விழுக்காட்டினர் இந்தியர். அதாவது, வாங்கக்கூடியவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் அந்த இந்தியருக்கு எடுத்த எடுப்பிலேயே இல்லாமல் போகிறார்கள். மாறாக, இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர் வீட்டை விற்க வந்தால் அவர் இழப்பது ஒரு சிறு பகுதியை மட்டுமே. விதியின் வாசகம் எல்லா இனத்துக்கும் ஒன்றுதான், ஆனால் எண்ணிக்கை சமமாக இல்லாத சமூகத்தில் அந்த ஒரே வாசகம் ஒரு பக்கமாகவே சாய்ந்து விழுகிறது.

என் சித்தி குடும்பம் வடகிழக்கில் ஒரு நான்கறை வீட்டை விற்க முயன்றபோது இதைக் கிட்ட இருந்து பார்த்தேன். சித்தப்பாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆன பிறகு, மகள் வீட்டுக்கு அருகில் சிறிய வீடாகப் பார்த்துப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். விளம்பரம் போட்ட முதல் வாரத்திலேயே நிறைய அழைப்புகள் வந்தன. பெரும்பாலானவர்கள் சீன இளம் தம்பதியர். எம்ஆர்டி ரயில் நிலையம் நடக்கும் தூரம், மேல்மாடி, நல்ல காற்று. வீடு பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய புளோக் அது. முகவர் அந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தவிர்க்க வேண்டியிருந்தது. வரம்பு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று புதுப்பிக்கப்படும். சித்தி மாதம் பிறந்ததும் கைப்பேசியைத் திறந்து புளோக் எண்ணைத் தட்டிப் பார்ப்பார், அதே பதில்தான் வரும். "ஆன்ட்டி, கொஞ்சம் விலையை இறக்கினால்தான் ஆள் வரும்" என்று முகவர் சொன்னபோது சித்தப்பா பேசவில்லை. கடைசியில், பக்கத்துப் புளோக்கில் அதே அளவு வீடு போன விலையைவிடப் பல்லாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைத்து ஒரு மலாய்க் குடும்பத்துக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் மிக நல்லவர்கள். அவர்கள் மீது வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பல்லாயிரம் வெள்ளி சித்தப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பு. சிங்கப்பூரில் உழைக்கும் குடும்பங்களுக்கு வீடுதான் பெரிய சொத்து. சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கும் மத்திய சேமநிதியில் இருந்த பணமும் அதற்குள்தான் போயிருக்கும். நாட்டின் நல்லிணக்கத்துக்காக அந்தக் குடும்பம் தன் சேமிப்பிலிருந்து ஒரு தொகையைக் கட்டியது. ரசீதும் இல்லை, நன்றியும் இல்லை.

அரசு இதை அறியாமல் இல்லை. இந்திய மக்கள்தொகை உயர்ந்ததைக் கருதி, முன்பு வட்டாரத்துக்கு 10, புளோக்குக்கு 13 என்று இருந்த வரம்பு 2010இல் 12, 15 என்று உயர்த்தப்பட்டது. இது வாங்குபவர்களுக்கு உதவியதே தவிர, சீனர் வரம்பால் தவிக்கும் விற்பவர்களுக்கு உதவவில்லை. விற்க முடியாமல் தவிப்பவர்களின் சிரமம் 2021இல் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. 2022இல், நெடுங்காலம் முயன்றும் விற்க முடியாத சிலரின் வீடுகளை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு நிபந்தனைகளோடு வந்தது. அது வரவேற்கத்தக்க படி. ஆயினும் அது கடைசிப் புகலிடமாக, தனித்தனியாகப் பரிசீலித்துக் கொடுக்கும் சலுகையாக இருக்கிறது. கெஞ்சிப் பெற வேண்டிய சலுகையாக இல்லாமல், விதியின் சுமையைத் தாங்கியவருக்கு விதியே தரும் ஈடாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பணக்கணக்கில் வராத இன்னொரு செலவு உண்டு. தமிழர்களாகிய நமக்கு அது கூடுதலாக வலிக்கும். பத்தில் ஒருவருக்கும் குறைவாக இருக்கும் ஓர் இனத்தை நாடு முழுவதும் சமமாகத் தூவிவிட்டால், எந்தத் தெருவிலும் அதன் மொழி தெருமொழியாக இருக்காது. கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் என் அப்பா தமிழில் சண்டை போட்டு, தமிழில் கோலி விளையாடி வளர்ந்தார். என் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், ஏனென்றால் அங்கிருக்கும் எட்டுப் பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளை வேறு யாருமில்லை. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடம். நாளிதழும் வானொலியும் தொலைக்காட்சியும் உண்டு. இத்தனை இருந்தும் 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. இதற்கு வீட்டு வரம்பை மட்டும் காரணம் காட்டுவது நேர்மையாகாது. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதும், 1987 முதல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டதும் இதைவிடப் பெரிய காரணங்கள். இருந்தாலும் ஒரு மொழி பாடமாக மட்டும் இல்லாமல் பேச்சாக வாழ்வதற்கு, அதைப் பேசுபவர்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போய் ஒரு வாரத்துத் தமிழைச் சேர்த்துப் பேசிவிட்டு வருவது அதற்கு ஈடாகாது.

இந்த இடத்தில் ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். வீட்டில் கலந்திருக்க வேண்டும் என்று இவ்வளவு கறாராக இருக்கும் அதே நாட்டில், சீன மொழியையும் பண்பாட்டையும் போற்றுவதற்காக 1979இல் தொடங்கப்பட்ட சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. மிகச் சிறந்த மாணவர்கள் பலர் படிக்கும் அந்தப் பள்ளிகளில் தாய்மொழியாகச் சீனம் படிப்பவர்களே சேர்வதால், வகுப்பறையில் ஒரு மலாய்ப் பிள்ளையையோ தமிழ்ப் பிள்ளையையோ பார்ப்பது அரிது. அந்தப் பள்ளிகளின் பண்பாட்டு நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே படித்து மேலே வருபவர்கள்தாம் நாளை ஆள் எடுக்கும் மேலாளர்களாகவும் கொள்கை வகுக்கும் அதிகாரிகளாகவும் ஆவார்கள். பிற இனத்தவரோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு மின்தூக்கியில் மட்டுமே கிடைத்த ஒருவருக்கு, மின்தூக்கியில் பரிமாறும் புன்னகையே நல்லிணக்கமாகத் தோன்றிவிடும்.

வாடகைச் சந்தையைப் பார்த்தால் அந்தப் புன்னகையின் எல்லை தெரியும். வாடகைக்கு அறை தேடும் தமிழ் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தியர்கள் வேண்டாம் என்றோ, சமைக்கக் கூடாது என்று நாகரிகமாக மாற்றியோ சொல்லப்பட்ட அனுபவம் இல்லாதவர் குறைவு. 2023 அதிபர் தேர்தலில் தமிழரான தர்மன் சண்முகரத்தினம் 70 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளைப் பெற்றார். அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் சீனர்களாகவே இருந்திருக்க முடியும். அன்றிரவு எங்கள் வீட்டில் அம்மா கண்ணீர் விட்டார். அதே வாக்காளர்களில் ஒரு பகுதியினர் தம் வீட்டு அறையைத் தமிழருக்கு வாடகைக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். இரண்டும் உண்மை. நாட்டின் தலைவராக ஒருவரை ஏற்பதற்கும், ஒரே அடுப்படியைப் பகிர்வதற்கும் இடையே இருக்கும் தூரத்தை எந்த விகிதாசாரமும் கடந்துவிடாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், இனம், சமயம், மொழி, குடியுரிமை முதலியவற்றின் அடிப்படையில் வேலை மறுப்பதைத் தடுப்பதற்கானது. வாடகை அதன் எல்லைக்குள் வரவில்லை.

உறவினர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அரசு இனம் பார்த்து வீடு கொடுப்பது சரியா? பார்க்காமல் விட்டால் மக்கள் பார்ப்பார்கள், சந்தை பார்க்கும். 1980களில் ஈசூனும் ஹவ்காங்கும் அதைக் காட்டிவிட்டன. ஒருவரையொருவர் அறியாமல் வளரும் தலைமுறைகளைவிட, சாம்பலுக்கும் சாம்பிராணிக்கும் சண்டை போட்டுக்கொண்டே வளரும் தலைமுறை மேல் என்பதால் நான் வரம்பின் பக்கம் நிற்கிறேன். அதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் சிறுபான்மை நண்பர்களின் வலி எனக்குப் புரிகிறது. அவர்கள் முடிவை ஏற்க முடியவில்லை. ஏனென்றால் வரம்பு நீங்கினால் முதலில் தனித்துவிடப்படப் போவதும் நாம்தான்.

ஆனால் வரம்பைக் காப்பவர்களிடம் கேட்க எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. வரம்பு நிரம்பிய புளோக்கில் சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது, சந்தை மதிப்புக்கும் கிடைக்கும் விலைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்யும் நிலையான ஏற்பாடு வேண்டும். நன்மை எல்லோருக்கும் என்றால் செலவும் எல்லோருடைய வரிப்பணத்திலிருந்தும் வருவதே முறை. வாடகை விளம்பரத்தில் இனத்தைச் சொல்லி மறுப்பதற்கு, வேலைக்குக் கொண்டுவந்ததைப் போன்ற சட்டத்தடை வேண்டும். மூன்றாவது மிக எளியது. எந்தப் புளோக்கில் யாருடைய வரம்பு நிரம்பியிருக்கிறது என்பதை மாதந்தோறும் வெளியிடும் வீவகவிடம், ஒவ்வொரு மறுவிற்பனையின் விலையும் விற்றவரின் இனமும் பதிவில் இருக்கின்றன. வரம்பு நிரம்பிய புளோக்குகளில் சிறுபான்மையினர் விற்ற வீடுகள் சராசரியாக எவ்வளவு குறைத்துப் போயின, விற்க எத்தனை மாதம் ஆனது என்ற கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் படிக்கும்படி வெளியிடட்டும். ஈட்டுத் தொகை எவ்வளவு என்ற பேச்சை அந்தக் கணக்கிலிருந்து தொடங்கலாம்.